வாலில் புள்ளி இல்லாத ஆறு குஞ்சுகள்

ஜனவரி 6, திங்கள்

வீட்டுல ஒரு நோட்டு இருக்கு. ஆஸ்பத்திரி நர்ஸ் குடுத்தது. எத்தனை மணிக்குக் கஞ்சி, எத்தனை மில்லி, வாந்தி உண்டா, எடை எவ்வளவு, எல்லாம் அதுல எழுதணும். என் வீட்டுக்காரரும் அதைப் படிப்பார். தப்பா எழுதியிருந்தா அடிச்சுத் திருத்துவார். இருபத்தேழு வருஷம் பஸ்ல கண்டக்டரா இருந்த மனுஷன், நோட்டுன்னு ஒண்ணைப் பாத்தா சும்மா இருக்க மாட்டார்.

இது வேற. இந்த டைரி அங்கன்வாடியில என் மேஜை டிராயர்ல இருக்கும். மதியம் புள்ளைங்க சாப்பிட்டுத் தூங்குற ஒரு மணி நேரம் எனக்கு. அதுல எழுதுவேன். வியாசர்பாடியில எங்க வீட்டுக்கும் சென்டருக்கும் நடுவுல மூணு தெரு. இவர் அந்த மூணு தெருவையும் தாண்டி வரப் போறதில்ல. செப்டம்பர்ல நாக்குல பாதியையும் தாடையில ஒரு பக்கத்தையும் எடுத்ததுல இருந்து வாசப்படியைத் தாண்டினது ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான். முகத்தை யாரும் பாக்கக் கூடாதாம். கூடவே பஸ் ஓட்டின டிரைவர் அன்சாரி அண்ணன் மூணு தடவை வந்து மூணு தடவையும் வாசலோட போனார்.

பேச்சு இல்ல. மூக்குல குழாய். பசங்க எழுதி அழிச்சு விளையாடுற பேடு ஒண்ணு வாங்கிக் குடுத்திருக்கேன். அதுல எழுதுவார், பட்டனை அழுத்துவார், அழிஞ்சிரும். என்னைத் திட்டுறதையும் அதுலதான் எழுதுறார். எழுத்துல திட்டு வாங்குறது எவ்வளவு சௌகரியம், படிக்காம திரும்பிக்கலாம்.

எடை 51. சென்டர்ல புள்ளைங்களை நிறுத்துற மிஷினைத்தான் வாரம் ஒரு நாள் தூக்கிட்டுப் போறேன்.

ஜனவரி 10, வெள்ளி

காலையில ஆஸ்பத்திரியில டாக்டர், "அவர் வெளிய உக்காரட்டும், நீங்க மட்டும் வாங்கம்மா"ன்னார்.

நுரையீரலுக்குப் போயிடுச்சாம். ஆறு மாசம்னு வச்சுக்கங்க, முன்னப்பின்ன ஆகலாம்னார். "அவர்கிட்ட நான் சொல்லட்டுமா, இல்ல நீங்க சொல்றீங்களா?"ன்னு கேட்டார். வேணாம் சார், யாரும் சொல்ல வேணாம்னேன். யோசிக்கவே இல்ல. எங்க வீட்டுல யாருக்குமே சொன்னதில்ல. மாமனாருக்குச் சொல்லல, எங்க அக்காவுக்குச் சொல்லல. வியாதிக்காரங்க வெளிய பெஞ்சுல, சொந்தக்காரங்க உள்ள சேர்ல. அப்படித்தான் வழக்கம்.

வெளிய வந்ததும் பேடை நீட்டினார். "என்ன சொன்னார்?"

"நல்லா சாப்பிடச் சொன்னார். அடுத்த ஸ்கேன் ஏப்ரல்ல பாத்துக்கலாமாம்"னேன். முகத்துல சிரிப்பு மாதிரி ஒண்ணை வச்சிருந்தேன். அது எப்படி இருந்துச்சோ, அந்த முருகனுக்குத்தான் தெரியும்.

எழுதிட்டேன். இனிமே இதைப் பத்தி எழுத மாட்டேன்.

ஜனவரி 27, திங்கள்

நேத்து புதுசா ஒரு கூத்து. ஹால்ல நாலடி மீன் தொட்டி ஒண்ணு காலியா கிடக்கு. ஆபரேஷனுக்குப் போனப்ப அதுல இருந்த மீனையெல்லாம் அன்சாரி அண்ணன் வீட்டுக்குக் குடுத்துட்டோம். அதைக் கழுவச் சொன்னார். கழுவினேன். ஆத்து மணல் சலிச்சுப் போடச் சொன்னார். போட்டேன். இடுப்பு போச்சு. அப்புறம் பேடுல எழுதுறார்: "ஜுருபாரி. ஆறு குஞ்சு."

பல வருஷமா பொலம்பின மீன் அது. மண்தின்னி மீன்ல ஒரு வகை. கடையில எர்த் ஈட்டர்னு சொல்வாங்க. நாள் முழுக்க மணலை வாய் நிறைய அள்ளும், சலிக்கும், தீனியை மட்டும் எடுத்துக்கிட்டு மணலைச் செவுள் வழியா விட்டுரும். ஆனா இவருக்கு அது முக்கியமில்ல. இந்த ஜுருபாரி முட்டை போட்டதும் அதை வாய்க்குள்ள எடுத்துக்குமாம். குஞ்சு பொரிச்சு நீந்துற வரைக்கும் வாயிலயே வச்சிருக்குமாம். ஆணும் பொண்ணும் மாத்தி மாத்தி. அதுவரைக்கும் சரியா தின்னாதாம். இவர் கப்பி, ஏஞ்சல்னு எத்தனையோ வளத்தார், இதை மட்டும் கண்ணால பாத்ததில்ல.

"பாக்கணும்"னு எழுதினார். கீழ ரெண்டு கோடு போட்டார்.

"பெரிய ஜோடியா வாங்கிட்டா சீக்கிரம் பாக்கலாம்ல?"ன்னு கேட்டேன். கேட்டதும் நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். சீக்கிரம்ங்கிற வார்த்தை இந்த வீட்டுல வரக் கூடாது.

வேணாம்னு தலையை ஆட்டிட்டார். "பெருசு கிடைக்காது. கிடைச்சாலும் அது யாரோ வளத்தது."

பிப்ரவரி 3, திங்கள்

எனக்குப் பாடம் நடக்குது. கொளத்தூர் மீன் மார்க்கெட்டுக்குப் போய் நான்தான் வாங்கணும், இவர் வர மாட்டார். அதனால பேடுல மீனா வரையுறார். வரைஞ்சு, பட்டனை அழுத்தி, அடுத்த மீன்.

விஷயம் என்னன்னா, மண்தின்னியில எத்தனையோ வகை இருக்கு, ஒரு இஞ்ச் குஞ்சா இருக்கறப்ப எல்லாம் ஒரே சாம்பல் கலர். கடைக்காரங்க எல்லாத்துக்கும் ஒரே பேரை ஒட்டி வச்சிருவாங்களாம். வாங்கிட்டு வந்து ஆறு மாசம் வளத்தா அப்பத்தான் சுயரூபம் தெரியும். அதனால பாத்து எடுக்கணும். ஜுருபாரின்னா வாலு ஆரம்பிக்கிற இடத்துல, மேல் பக்கமா, ஒரு கறுப்புப் புள்ளி. மை வச்ச மாதிரி. குஞ்சுலயே இருக்கும். மூஞ்சி நீளம், குதிரை மூஞ்சி. மத்ததுங்களுக்கு மூஞ்சி மொட்டையா இருக்கும், உடம்புல திட்டுத் திட்டா அழுக்கு மாதிரி கறை இருக்கும். கவர்ல போட்டதுக்கப்புறம் பாக்கக் கூடாது, பயத்துல வெளுத்து எல்லாம் ஒண்ணாத் தெரியும். தொட்டி முன்னால பத்து நிமிஷம் ஆடாம நிக்கணும். அது நம்மளை மறந்தப்புறம்தான் நிஜ நிறம் வரும். முடிஞ்சா தாய் தகப்பனைக் காட்டச் சொல்லணும்.

"பொண்ணு பாக்கப் போற மாதிரி இருக்குய்யா"ன்னேன்.

"உன்னைப் பாக்க வந்தப்ப பத்து நிமிஷம் நிக்கல. அதான்"னு எழுதினார்.

பாவி. குழாயோட உக்காந்துக்கிட்டு இந்த நக்கலுக்கு மட்டும் குறைச்சல் இல்ல.

பிப்ரவரி 10, திங்கள்

நேத்து கொளத்தூர். நாலு கடை ஏறி இறங்கினேன். முதல் கடையில, "எர்த் ஈட்டர் எல்லாம் ஒண்ணுதான்க்கா, எந்த ஆறு வேணும்?"னான். "ஏம்ப்பா, உன் புள்ளையையும் பக்கத்து வீட்டுப் புள்ளையையும் அப்படித்தான் மாத்திக் கூட்டிட்டுப் போவியா?"ன்னு கேட்டுட்டு வந்துட்டேன்.

ஒவ்வொரு தொட்டியையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பினேன். எல்லாத்துக்கும் தப்பு மார்க் வந்துச்சு. ஆனா நாலாவது கடையில போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடியே எனக்கே தெரிஞ்சிடுச்சு, இது இல்லன்னு. வாலுல ஒண்ணுமில்ல, உடம்பு நடுவுல புள்ளி. சென்டர்ல ரெட்டைப் புள்ளைங்க ரெண்டு இருக்கு, முதல் மாசம் குழம்புவேன், இப்ப நடையைப் பாத்தே சொல்லிடுவேன். அது மாதிரிதான். கண்ணு பழகிடுச்சு.

வெறுங்கையோட வந்து இதைச் சொன்னேன். அவ்வளவு சந்தோஷம் இவருக்கு. "தெய்வா, இனிமே உன்னை எவனும் ஏமாத்த முடியாது"ன்னு எழுதினார்.

எடை 49.

பிப்ரவரி 17, திங்கள்

பண்ணிட்டேன்.

வரிசையா எழுதுறேன். நேத்து காலையில அன்சாரி அண்ணன் சொன்ன ஆளைப் பாக்கப் போனேன். பெனடிக்ட்னு பேரு, கொளத்தூர்லயே மொட்டை மாடியில தொட்டி கட்டிக் குஞ்சு எடுக்கிறவர். நல்ல மனுஷன். என்ன வகைன்னு கேட்டதுமே சொன்னார். இந்தத் தொட்டி ஜுருபாரி, பக்கத்துத் தொட்டி ரெட் ஹம்ப். ரெண்டும் மண்தின்னிதான், ரெண்டும் வாயில குஞ்சு வைக்கிறதுதான். தாய் தகப்பனையும் காட்டினார். நான் ஜுருபாரி தொட்டி முன்னால பத்து நிமிஷம் நின்னேன். வாலடியில புள்ளி, குதிரை மூஞ்சி, எல்லாம் இருந்துச்சு. போட்டோ அனுப்பினேன். "இதேதான்!!!"ன்னு வந்துச்சு. மூணு ஆச்சரியக்குறி.

அதோட வாங்கிட்டு வந்திருக்கணும். சும்மா இல்லாம, "இது எப்பங்க குஞ்சு வைக்கும்?"னு கேட்டேன்.

"ஜுருபாரி நிதானம்க்கா. ஒன்றரை வருஷம் ஆகும். சிலது ரெண்டு வருஷம்கூட எடுத்துக்கும். பொறுமை வேணும்."

"அதுவோ?"

"ரெட் ஹம்ப்பா? அது அவசரக்காரன். இன்னும் மூணு நாலு மாசத்துல பொண்ணு வாயில குஞ்சோட நிக்கும்."

பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே, ஜூன்னு அங்கயே விரலை மடக்கிப் பாத்தேன். பெனடிக்ட் என்னையே பாத்துட்டிருந்தார். "ரெட் ஹம்ப்ல ஆறு குடுங்க"ன்னுட்டேன்.

வரும்போது ஆட்டோவுல யோசிச்சு வச்சுக்கிட்டேன். கவர்ல வெளுத்துப் போய்த்தான் இருக்கும், கொஞ்ச நாள் தெரியாது. வளந்தப்புறம் தெரிஞ்சா, கடைக்காரர் பிடிக்கும்போது தொட்டி மாத்திப் பிடிச்சுட்டார்னு சொல்லிக்கலாம். இந்த வியாபாரத்துல அது தினம் நடக்கறதுதானாம், இவரே சொல்லியிருக்கார்.

வீட்டுக்கு வந்ததும் கவரைத் தண்ணியில மிதக்கவிட்டு, அப்புறம் மெதுவா திறந்துவிட்டார். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஸ்டூல்ல உக்காந்தார். பத்து நிமிஷம் இல்ல, ஒரு மணி நேரம் உக்காந்திருப்பார். நான் அடுப்படியில பாத்திரத்தைத் தேய்ச்சதையே தேய்ச்சுட்டிருந்தேன்.

கூப்பிட்டார். பேடுல, "அவரே பிடிச்சுப் போட்டாரா?"

எனக்கு ரோஷம் வந்துடுச்சு. "அவரு எதுக்கு? நீ சொன்ன மாதிரி பத்து நிமிஷம் நின்னு, ஒண்ணொண்ணா நான்தான் கையைக் காட்டி எடுத்தேன். எனக்கென்ன கண்ணு தெரியாதா?"

"எப்ப குஞ்சு வைக்கும்னு கேட்டியா?"

"அதெல்லாம் நான் எங்க கேட்டேன்? எனக்கு அது தோணவே இல்ல."

பட்டனை அழுத்தி அழிச்சார். அப்புறம், "நல்ல குஞ்சுங்க"ன்னு எழுதினார். அப்பாடான்னு இருந்துச்சு. கண்டுபிடிக்கல.

பிப்ரவரி 19, புதன்

நேத்தும் முந்தாநேத்தும் சரியா கஞ்சி இறங்கல. ரெண்டு வேளை வேணாம்னுட்டார். சுவத்தைப் பாத்துப் படுத்திருந்தார். மீனைப் பாத்துப் பாத்து அசதி போல.

பிப்ரவரி 24, திங்கள்

என் கண்ணையே நம்ப முடியல. நேத்து இவரே, தானா, "அன்சாரியை வரச் சொல்"னு எழுதினார். அண்ணன் அரை மணி நேரத்துல வந்துட்டார். அந்த முகத்தை முதல் தடவை பாக்கிறார். ஒரு செகண்டு நின்னார், அப்புறம் ஒண்ணும் நடக்காத மாதிரி, "என்ன கண்டக்டர் சார், ரைட் போலாமா?"ன்னார். இவர் உதட்டைக் குவிச்சு விசில் அடிக்கப் பாத்தார், காத்துதான் வந்துச்சு. ரெண்டு பேரும் சிரிச்சாங்க. சாயங்காலம் வரைக்கும் இருந்தார்.

மீன் வந்த வேளை, மனுஷன் தேறிட்டார்னு நினைக்கிறேன். நான் பண்ணது சரிதான்.

மார்ச் 3, திங்கள்

தொட்டியில தண்ணி மாத்தக் கத்துக்கச் சொல்லி ஒரே பிடிவாதம். பைப்பை வாயில வச்சு உறிஞ்சி இழுக்கணும், எனக்குத் தண்ணி வாய்க்குள்ளயே போயிடுச்சு. தூன்னு துப்பினேன். இவர் தோள் குலுங்கச் சிரிக்கிறார். "நீயே பண்ணுய்யா, எனக்கெதுக்கு?"ன்னா, "கத்துக்கோ"ன்னு மட்டும் எழுதினார்.

அதோட நிக்கல. மோட்டார் சுவிட்ச் எப்படிப் போடணும், ஃப்யூஸ் போனா எதைத் தொடக் கூடாது, கேஸ் புக் பண்ற நம்பர். இருபத்தாறு வருஷமா எதையும் என்னைத் தொடவிடாத ஆளு. வேலை வாங்குறதுல இப்பத்தான் ருசி வந்திருக்கு.

மார்ச் 12, புதன்

ஆஸ்பத்திரி. எப்பவும் வெளிய வந்ததும் "அடுத்த ஸ்கேன் எப்ப?"ன்னு எழுதி என் உசுரை எடுப்பார். இன்னிக்குக் காலையில கேக்கல. நானும் பொய் சொல்ல வேண்டியிருக்கல. நிம்மதி.

எடை 46.

மார்ச் 24, திங்கள்

ஓசூர்ல இருந்து சங்கவி வந்து பத்து நாள் இருந்துட்டுப் போனா. எங்களுக்கு ஒரே பொண்ணு. இவரே மெசேஜ் போட்டு வரவழைச்சிருக்கார். அவளுக்கும் விஷயம் தெரியும், பஸ் ஸ்டாண்டுலயே சொல்லிக் கூட்டிட்டு வந்தேன், அப்பா முன்னாடி கண்ணு கலங்கினா கொன்னுடுவேன்னு. நல்லா நடிச்சா.

ஒரு நாள் முழுக்க அப்பனும் மகளும் பீரோவைக் கவுத்தாங்க. இவரோட நல்ல சட்டையெல்லாம் ஒதுக்கி அன்சாரி அண்ணனுக்குக் குடுக்கச் சொல்லிட்டார். லூசா இருக்காம். "உடம்பு தேறினா போட வேணாமா, அறிவு கெட்ட மனுஷா?"ன்னு கத்தினேன். ஒரே ஒரு நீலச் சட்டையை மட்டும் திரும்ப எடுத்து வச்சுக்கிட்டார். எனக்காகத்தான்.

போறப்ப சங்கவி பஸ் ஏறுற வரைக்கும் போனார். ஆமா, பஸ் ஸ்டாண்டுக்கே. மாஸ்க் போட்டுக்கிட்டு. வந்ததும் படுத்துட்டார்.

ஏப்ரல் 11, வெள்ளி

ஆறு குஞ்சும் ரெண்டு இஞ்சுக்கு வந்துடுச்சு. ஒண்ணுக்கு நெத்தியில லேசா செவப்பா ஒரு வீக்கம். அதான் ஆண். அந்தக் கட்டியை வச்சுத்தான் ரெட் ஹம்ப்ங்கிற பேரே. ஜுருபாரிக்கு இது வராது. இனி மறைக்க முடியாதுன்னு நானே முந்திக்கிட்டேன்.

"யோவ், இங்க பாரேன், அந்த பெனடிக்ட் நம்மளை ஏமாத்திட்டான்யா. வேற மீனை மாத்திக் குடுத்துட்டான்"னேன். நல்லாவே சத்தம் போட்டேன். போய் அந்த ஆளைக் கேக்காம விடப் போறதில்லன்னு புடவையை வேற சொருகிக்கிட்டேன்.

"அவரைத் திட்டாதே. நல்ல மனுஷன்"னு எழுதினார். அவ்வளவுதான். அதுக்கப்புறம் அந்தப் பேச்சே இல்ல. கோவமே வரல. நான்தான் பயந்து செத்திருக்கேன்.

ஏப்ரல் 21, திங்கள்

வலி கூடியிருக்கு. மாத்திரையை மாத்தியிருக்காங்க. நாள்ல பாதி தூக்கம். எடை 43. மிஷின்ல நிக்க வைக்கறப்ப நான் முள்ளை மறைச்சுக்கிட்டு நின்னேன். இவர் எட்டிப் பாக்கவே இல்ல.

மே 26, திங்கள்

ரெண்டு வாரம் சென்டருக்குக் கோடை லீவு. டைரியை வீட்டுக்குக் கொண்டுபோகல. அதுக்குள்ள என்னென்னவோ ஆயிடுச்சு. நாலு நாள் ஆஸ்பத்திரியில இருந்தோம். மூச்சு வாங்குது. குழாயை இப்ப வயித்துல போட்டிருக்காங்க.

பொண்ணு மீன் ஒண்ணு பதினாலாம் தேதி முட்டை போட்டு வாயில எடுத்துச்சு. நான் குதிச்சேன். நாலாம் நாள் பாத்தா தாடை ஒட்டிப் போயிருக்கு, முழுங்கிடுச்சு. பாத்ரூம்ல போய் உக்காந்து அழுதேன். இதுக்குக்கூட குடுப்பினை இல்லையான்னு. திரும்பி வந்தா பேடுல எழுதி வச்சிருக்கார்: "முதல் தடவை அப்படித்தான். அடுத்தது வைக்கும்."

அடுத்ததுன்னா எப்பய்யா. எனக்குள்ள கத்துறேன், எப்பய்யா.

ஜூன் 3, செவ்வாய்

நேத்து மறுபடி முட்டை. மறுபடி வாயில. கட்டிலைத் தொட்டி பக்கத்துல இழுத்துப் போட்டுட்டேன். தொட்டியில பாதிக்குப் பழைய புடவையைத் திரையா கட்டினேன், அது பயந்துக்கக் கூடாதுன்னு. எங்க தெருவுல ஒரு மைக் செட்காரன் கல்யாணத்துக்குப் பாட்டுப் போட்டான், போய் அவன்கிட்டச் சண்டை. மீன் முட்டையை முழுங்கிடும், சவுண்டைக் குறைன்னா, என்னை ஏற இறங்கப் பாக்கிறான்.

ஜூன் 9, திங்கள்

ஏழு நாள். முழுங்கல. தாடை உப்பியே இருக்கு. தீனி போட்டா மத்ததுங்க பாயுதுங்க, இது மூலையில சும்மா நிக்குது. அப்பன்காரன் அவன் பாட்டுக்குச் சுத்துறான், அவனுக்கு இதுல ஒரு வேலையும் இல்ல.

எடை பாக்கிறதை நிறுத்திட்டோம்.

ஜூன் 16, திங்கள்

பதினாலு நாள். இவர் முழிச்சிருக்கிற நேரமெல்லாம் அதையேதான் பாக்கிறார். நான் சென்டருக்கு அரை நாள் லீவு போட்டுட்டு ஓடுறேன். சாமி, இன்னும் ஒரு வாரம். வேற எதுவும் கேக்கல.

ஜூன் 23, திங்கள்

நேத்து காலையில பத்தரை மணி. நான் வயித்துக் குழாயில கஞ்சி விட்டுட்டிருந்தேன். இவர் என் கையைப் பிடிச்சு அமுக்கினார். பாத்தா, அது வாயைத் திறந்து பொடிப் பொடியா குஞ்சுங்களை வெளிய விடுது. கடுகு கடுகா, கண்ணு மட்டும் பெருசா. முப்பது இருக்கும், நாப்பது இருக்கும். அம்மாக்காரி மூஞ்சி முன்னாலயே மேகம் மாதிரி மிதக்குதுங்க. என் கை நிழல் விழுந்துச்சோ என்னவோ, அது தலையைத் தாழ்த்தி வாயைத் திறந்துச்சு, அத்தனையும் சர்ர்னு உள்ள போயிடுச்சு. ஒண்ணுகூட வெளிய இல்ல.

இவர் தொண்டையில இருந்து ஒரு சத்தம் வந்துச்சு. ஒன்பது மாசமா இந்த வீட்டுல நான் கேக்காத சத்தம். சிரிச்சார். ரெண்டு கண்ணுலயும் தண்ணி.

எனக்குத் தலைகால் புரியல. "பாத்துட்டியாய்யா! ஆசைப்பட்டதைக் கண்ணால பாத்துட்டியா! அப்பாடா!"ன்னு கத்திட்டேன். கத்தி முடிச்சதும் எனக்கே அது என்னமோ மாதிரி காதுல விழுந்துச்சு.

இவர் பேடை எடுத்தார். ரொம்ப நேரம் எழுதினார்.

"ஜுருபாரியே வாங்கியிருக்கலாம் தெய்வா."

"அதான் அந்த ஆளு மாத்திக் குடுத்து..."

கையைக் காட்டி நிறுத்தினார். அழிச்சுட்டு எழுதினார். "நீ தப்பா எடுக்க மாட்ட. உன் கண்ணு பழகிடுச்சு. நீயேதான் எடுத்ததா அன்னிக்கே சொன்ன."

அடுத்ததை எழுதினார். "அவசரமா குஞ்சு வைக்கிற மீன். எதுக்கு அவசரம்னு யோசிச்சேன். ஒரு மணி நேரம் ஸ்டூல்ல உக்காந்து யோசிச்சேன். புரிஞ்சிடுச்சு."

பட்டனை அழுத்தினார். "ஜுருபாரி வாங்கிட்டு வந்திருந்தா, எனக்கு ரெண்டு வருஷம் இருக்குன்னு நினைச்சிட்டே இருந்திருப்பேன்."

நான் தரையில உக்காந்துட்டேன். அவர் கட்டில் விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு. என்ன சொல்றது, உனக்காகத்தான்யா, நீ பாக்கணும்னுதான்யா பண்ணேன்னு சொன்னேனா, சொல்லாம அழுதேனா, நினைவில்ல. கடைசியா ஒண்ணு எழுதிக் காட்டினார். அதை அவர் அழிக்கல, நான்தான் அழிச்சேன்.

"நீ வாயால சொல்லியிருக்கலாம். மீன்கிட்ட சொல்லி அனுப்பிட்ட."

ஜூன் 26, வியாழன்

லீவு எழுதிக் குடுக்க வந்தேன். பத்து நிமிஷம்தான் இருக்கு.

குஞ்சைப் பாத்த அன்னிக்கு மத்தியானமே, டாக்டர் என்ன சொன்னார், ஒரு வார்த்தை விடாம சொல்லுன்னு எழுதினார். சொன்னேன். வெளிய பெஞ்சுல உக்கார வச்சதுல இருந்து, சிரிப்பை ஒட்ட வச்சுக்கிட்டு வந்தது வரைக்கும். "அந்தச் சிரிப்பு கேவலமா இருந்துச்சு"ன்னு எழுதினார். ரெண்டு பேரும் சிரிச்சோம். அப்புறம் பக்கத்துல படுக்கச் சொன்னார். ஒன்பது மாசமா நான் கீழ பாயில படுக்கிறவ. ஒண்டிக்கிட்டுப் படுத்தேன்.

பேடை நெஞ்சு மேல வச்சுக்கிட்டு எழுதினார். "பயமா இருக்கு."

"எனக்கும்தான்யா"ன்னேன்.

அதுக்கப்புறம் இந்த நாலு நாளும் பேசிக்கிட்டேதான் இருக்கோம்.

ஜூலை 17, வியாழன்

ஜூன் முப்பது, திங்கக்கிழமை காலையில போயிட்டார். அந்த நீலச் சட்டையைத்தான் போட்டுவிட்டோம். முந்தாநேத்து கருமாதி முடிஞ்சுது. சங்கவி இன்னும் ஒரு வாரம் இருப்பா. அன்சாரி அண்ணன் தினம் வந்து வாசல்ல உக்காந்துட்டுப் போறார்.

இன்னிக்குதான் சென்டருக்கு வந்தேன். புள்ளைங்க தூங்குது. டிராயரைத் திறந்து இதை முதல்ல இருந்து படிச்சேன். படிச்சிருக்கக் கூடாது.

அன்சாரி அண்ணனை வரச் சொன்னது, பொண்ணை வரவழைச்சது, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனது, தண்ணி மாத்தக் கத்துக்கோன்னு அடம்பிடிச்சது. எல்லாம் அந்த மீன் வந்த நாளுக்கு அப்புறம். ஸ்கேன் எப்பன்னு கேக்காம விட்டதும் அதுக்கப்புறம்தான். மனுஷன் தேறிட்டார்னு எழுதி வச்சிருக்கேன் நான். என் கையெழுத்துல. ரெண்டு நாள் சுவத்தைப் பாத்துப் படுத்திருந்தாரே, அதை மீன் பாத்த அசதின்னு எழுதியிருக்கேன். இதை எழுதின கையை என்ன பண்றது?

ஒவ்வொருத்தரா கூப்பிட்டு, விடை குடுத்து அனுப்பியிருக்கார். நான் எல்லாருக்கும் டீ போட்டுக் குடுத்திருக்கேன். என்கிட்ட மட்டும் சொல்லல. சொன்னா நான் நடிக்கிறது வீணாப் போயிடும்னு விட்டுட்டாரோ என்னவோ. நானும் சொல்லல. ஒரே ஹால்ல ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாம பொத்திப் பொத்தி வச்சிருக்கோம்.

பயமா இருக்குன்னு அவர் எழுதினது ஜூன் இருபத்தி ரெண்டாம் தேதி. அவருக்குத் தெரிஞ்சது பிப்ரவரி பதினாறு. நடுவுல நாலு மாசம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவருக்கு ஆளில்ல. நான் பக்கத்துலயேதான் இருந்தேன்.